சிஸ்பிளாட்டின் இரண்டாவது டோஸுக்குப் பிறகு அப்பாவுக்குக் காதில் 'ஙொய்' சத்தம். டாக்டரிடம் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களா?

தேன்மொழி (கேள்வி)

அப்பாவுக்கு வயது 61. தொண்டையில் புற்றுநோய். ரேடியேஷன் போய்க்கொண்டிருக்கிறது, கூடவே மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. மூன்று டோஸில் இரண்டு முடிந்துவிட்டது. அடுத்தது வரும் வியாழக்கிழமை.

நேற்று காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தேன். அது 'பீப் பீப்' என்று அடித்து ஓய்ந்த பிறகும் அப்பா கையை இறுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். "சத்தம் வந்துடுச்சேப்பா" என்றேன். "இன்னும் வரலையேம்மா" என்றார். மறுபடி வைத்து, அடிக்கும்போது எடுத்து அவர் காதருகே பிடித்தேன். கேட்கவில்லை. பிறகுதான் சொன்னார், பத்து நாளாகவே இரண்டு காதிலும் இரைகிறதாம். சொன்னால் மூன்றாவது டோஸைக் கொடுக்க மாட்டார்கள், நோய் திரும்ப வந்துவிடும் என்று பயந்து மறைத்திருக்கிறார். டாக்டரிடம் வாயே திறக்கக்கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்கிறார். என்ன செய்வது?

இன்னொன்று: மருந்து ஒரு பாட்டில்தான், அதற்கு முன்னும் பின்னும் ஏன் அத்தனை சலைன்? அப்பா இரவெல்லாம் பாத்ரூமுக்கு நடந்தே களைத்துப்போகிறார்.

வார்டு அக்கா

தேன்மொழி, கீமோ வார்டுல பதினோரு வருஷமா நர்ஸா இருக்கேன்மா. வியாழக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க. இன்னைக்கே போன் பண்ணிச் சொல்லிடுங்க. சத்தியம் செஞ்சிருந்தாலும் சொல்லுங்க.

உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு பகுதி இருக்கு. ஒலியைப் பிடிக்கிற மயிர்செல்கள் அங்கேதான் வரிசையா நிக்குது. சிஸ்பிளாட்டின் அந்த இடத்துல போய்த் தங்கிடும், லேசுல வெளியேறாது. கீச்சுன்னு வர்ற ஒலியைப் பிடிக்கிற செல்கள்தான் முதல்ல அடிபடும். அதனாலதான் நீங்க பேசுறது அப்பாவுக்குக் கேக்குது, தெர்மாமீட்டர் கேக்கல. போன செல் திரும்ப முளைக்காது. அடுத்த டோஸ் அப்படியே போச்சுன்னா பாதிப்பு பேச்சு ஒலி வரைக்கும் இறங்கலாம். அதுக்கு முன்னாடி டாக்டர் கையில ஒரு ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேக்குதுன்னு காட்டுற சோதனை, இருக்கணும்.

சொன்னா சிகிச்சையே போயிடும்னு அப்பா நினைக்கிறது தப்பு. ஃபைலை எடுத்துப் பாருங்க. உடம்புப் பரப்புல ஒரு சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராம் வீதம் இரண்டு டோஸ் போயிருந்தா மொத்தம் 200. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு ரேடியேஷனோட கொடுக்கும்போது, அந்த 200ஐத் தொடுறதைத்தான் பல டாக்டர்கள் முக்கியமாப் பாக்குறாங்க. அதுக்கு மேல வாரம் ஒருமுறை சின்ன டோஸா, வேற மருந்தா, இல்ல ரேடியேஷன் மட்டும் போதுமான்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. தெரிஞ்சாத்தானே பண்ண முடியும்?

சலைன் விஷயம். இந்த மருந்துல ஒரு பிளாட்டினம் அணு, அதோட இரண்டு குளோரின், இரண்டு அம்மோனியா. ரத்தத்துல குளோரைடு நிறைய இருக்கிறதால குளோரின் பெரும்பாலும் பிரியாம இருக்கும். செல்லுக்குள்ள குளோரைடு ரொம்பக் குறைவு. அங்க போனதும் குளோரின் கழண்டு, பிளாட்டினம் டிஎன்ஏவைப் பிடிச்சு வளைச்சுடும். செல்லால பிரிய முடியாது, செத்துப்போகும். இதே வேலை சிறுநீரகச் செல்லுலயும் நடக்கும். தண்ணி நிறையப் போனா சிறுநீர்ல மருந்து நீர்த்து, சீக்கிரம் வெளியேறிடும். அப்பா இராத்திரி பாத்ரூமுக்கு நடக்கிறது அவர் சிறுநீரகத்தைக் காப்பாத்துற நடைம்மா. சிறுநீர் குறைஞ்சா உடனே சொல்லுங்க.

கை கால் பிடிச்சு இழுத்தா மக்னீசியம் பாக்கச் சொல்லுங்க, இந்த மருந்து அதை உடம்பிலிருந்து இழுத்துட்டுப் போயிடும். வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக்னு நீங்களா எதுவும் கொடுத்துடாதீங்க. வேற எங்கயாவது காய்ச்சலுக்குக் காட்டினா சிஸ்பிளாட்டின் ஓடுதுன்னு முதல்லயே சொல்லிடுங்க. ஜென்டாமைசின், அமிகாசின்ங்கிற ஆன்டிபயாடிக் ஊசியும் காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கரையேறியவன்

எனக்கு விரைப் புற்றுநோய், நுரையீரல் வரை பரவியிருந்தது. சிஸ்பிளாட்டினோடு இன்னும் இரண்டு மருந்து சேர்த்துக் கொடுத்தார்கள். இந்த மருந்து கிடைத்த கதை இது: 1965-ல் ரோசன்பர்க் என்பவர் மின்புலத்தில் பாக்டீரியா எப்படி வளர்கிறது என்று பார்க்கப் பிளாட்டினம் மின்முனை வைத்தார். பாக்டீரியா பிரியாமல் நூல்நூலாக நீண்டுகொண்டே போனது. காரணம் மின்சாரம் இல்லை, முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம் என்று கண்டுபிடித்தார்கள். 1978-ல் அமெரிக்காவில் சிஸ்பிளாட்டினுக்கு மருந்தாக அனுமதி கிடைத்தது. அந்த ஆய்வுக்கூடத்தை நினைக்காமல் எனக்கு ஒரு பிறந்தநாளும் போவதில்லை.

ஆனால் நானும் உங்கள் அப்பாவைப் போலக் காது இரைச்சலை மறைத்தேன். மூன்றாவது சுற்று முடிந்த பிறகுதான் சொன்னேன். என் நோய்க்குக் கார்போபிளாட்டின் என்ற இதே வகை மருந்து இதற்கு ஈடாகாது என்று ஆய்விலேயே தெரிந்துவிட்டதால், முன்னாடி சொல்லியிருந்தாலும் இதையேதான் கொடுத்திருப்பார்கள் என்றார் டாக்டர். அது தெரிந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். இரைச்சல் இன்றும் இருக்கிறது, படுக்கும்போது மின்விசிறியைப் போட்டுக்கொண்டால்தான் தூக்கம். கால்விரல் நுனியிலும் பாதி உணர்ச்சிதான். அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள், தங்கச்சி.

தேன்மொழி

படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய் அவரே போன் போட்டார்.

ஆடியோகிராம் எடுத்தாயிற்று. 2000 ஹெர்ட்ஸ் வரை சரியாக இருக்கிறது, 4000-க்கு மேல், கீச்சொலிகளில், கோடு சரசரவென்று இறங்குகிறது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 0.9 இருந்தது 1.4 ஆகியிருக்கிறது, அதை நாங்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை. அக்கா சொன்னதுபோல மொத்தம் 200 ஆகிவிட்டதாம். மூன்றாவது டோஸ் வேண்டாம், ரேடியேஷனை ஒரு நாளும் விடாமல் முடியுங்கள் என்றார் டாக்டர். அப்பா அவரிடம் மூன்று முறை திருப்பித் திருப்பிக் கேட்டார், "நிஜமாவே போதுமா சார்?" என்று. அவரும் மூன்று முறையும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

வார்டு அக்கா

நல்லதும்மா. கிரியாட்டினினை அவங்க சொல்ற தேதியில மறக்காம பாருங்க. ரேடியேஷன் முடிஞ்சதும் ஆடியோகிராமும் இன்னொரு தடவை எடுக்கணும், மருந்து நின்ன பிறகும் காது இன்னும் கொஞ்சம் இறங்கலாம். அதுவரைக்கும் காய்ச்சல் பாக்கும்போது பீப்பை நீங்க கேட்டுச் சொல்லுங்க.