நீல் தீவில் கரையோரமாகவே நடக்கலாமுங்களா?

கோபிக்காரன்:
டிசம்பரில் நண்பர்களோடு அந்தமான் போகிறோம். நீல் தீவில் (இப்போது ஷஹீத் துவீப்) பரத்பூரிலிருந்து லட்சுமண்பூர் வரை கடலோரமாகவே நடக்க ஆசை. சென்னிமலையின் 1320 படிகளை ஏறிப் பழகிய கால்கள்தான். முடியுங்களா?

பெருந்துறை அக்கா:
தாராளமாக முடியும் தம்பி. ஆனால் கடல் உள்வாங்கும் நேரத்தை முதலில் விசாரித்துக்கொள். அப்போதுதான் பாலம் மாதிரி வளைந்து நிற்கும் இயற்கைப் பாலத்துப் பாறைக்குப் போக முடியும். செத்த பவளம் பிளேடு மாதிரி கிழிக்கும், சாதா ரப்பர் செருப்பு ஆகாது. குழித் தண்ணீரில் கடல் வெள்ளரி என்கிற மெத்தென்ற கடல் உயிரி அசையாமல் கிடக்கும், பார்த்துக் கால் வையுங்கள்.

பொள்ளாச்சி மணி:
அங்கே டிசம்பரில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், காலையிலேயே கிளம்புங்க. அப்புறம், பவளத் துண்டு எதையும் பையில் போட்டுக்கொள்ளாதீங்க. 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

கோபிக்காரன்:
சரிங்க அக்கா. பட்டை வைத்த செருப்பே எல்லோருக்கும் வாங்கிவிடுகிறோம்.