மட்டக்களப்பு வாவியை யார் பார்ப்பது? எல்லாரையும் ஒரே மேசையில் இருத்த வழி உண்டா?

கல்லடியான்:
வணக்கம். நகரம் இருக்கிற புளியந்தீவைச் சுற்றி வாவிக்கரையில் நடைபாதை, கதிரை, லைட் எல்லாம் வந்திருக்கிறது. நல்ல விஷயம், பின்னேரம் பிள்ளைகளோடு போயிருக்க ஓர் இடம் வேண்டும்தானே. ஆனால் வடிகான் வந்து விழுகிற இடத்தில் கொஞ்சம் குனிந்து பாருங்கள். கறுத்த சேறு, அதற்கு மேல் ஷாப்பிங் பை, பம்பர்ஸ், ரெஜிபோம் பெட்டி, சுற்றிவர ஆற்றுவாழை என்கிற மிதக்கும் களை. 56 கிலோமீற்றர் நீளமான வாவி இது. கரையில் ஒரு மாநகர சபை, காத்தான்குடி, ஏறாவூர் நகர சபைகள், அப்புறம் பிரதேச சபைகள் வேறு. மீனுக்குக் கடற்றொழில் திணைக்களம், கரைக்குக் கரையோரம் பேணல் திணைக்களம், வெள்ளம் வந்தால் நீர்ப்பாசனம். ஒரு பக்கம் அள்ள மறுபக்கத்தால் வந்து சேருகிறது. எங்கேயாவது ஊர்கள் சேர்ந்து இப்படி ஓர் ஆற்றை மீட்டிருக்கிறார்களா?

ஆரையம்பதி - டோர்ட்மண்ட்:
மீட்டிருக்கிறார்கள் தம்பி. நான் இப்போது இருக்கிற ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரத்துக்குள்ளால் எம்ஷர் ஆறு ஓடுகிறது. நிலக்கரிச் சுரங்கங்களால் நிலம் தாழ்ந்துகொண்டே போனது, குழாய் புதைத்தால் உடையும் என்று கழிவை எல்லாம் ஆற்றிலேயே விட்டார்கள், நூறு வருடத்துக்கு மேல் அது திறந்த சாக்கடைதான். 1899 இல் கரையோர ஊர்களும் சுரங்கக் கம்பனிகளும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. இன்றும் ஆற்றுக்குப் பொறுப்பு அதுதான், அங்கத்தவர்கள் காசு கட்டியே ஆக வேண்டும். 1992 இல் மீட்பு வேலை தொடங்கி, ஆற்றோடு சேர்த்து நிலத்தடியில் 51 கிலோமீற்றர் பிரதான கழிவுக் குழாய் போட்டு, 2021 முடிவில்தான் ஆற்றுக்குள் கழிவுநீர் போவது நின்றது. முதலில் குழாய், மறுகாதான் கொங்கிறீட்டை உடைத்துக் கரையைத் திருத்தியது. நாம் கரையிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.

வவுணதீவு விவசாயி:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் ஜெர்மனிக்கு இருக்கிற காசு எங்களிடம் இல்லை. எங்கட பிரச்சினையும் குழாயோடு முடியாது. மாரியில் உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் வான்கதவு திறந்தால் தண்ணீர் வாவிக்குத்தான் வரும். வயல் மூழ்குது, வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்தை வெட்டுங்கள் என்று வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நாங்கள் நிற்போம். வெட்டினால் மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும் என்று தோணிக்காரர் நிற்பார்கள். இரண்டும் நியாயம்தான். எங்கட வயலில் போடுகிற யூரியாவும் களைநாசினியும் வடிந்து வாவிக்குப் போவதை நாங்களும் ஒத்துக்கொள்ள வேண்டும். தெற்கே அம்பாறைப் பக்கத்து வயல் தண்ணீரும் இதற்குள்தான் வருகிறது, ஆகவே ஒரு மாவட்டத்தோடு பேச்சை முடிக்க ஏலாது.

ஆனால் முன்மாதிரி ஒன்று எங்களிடமே இருக்கிறது. மாரி நெற்செய்கையான பெரும்போகத்தின் ஆரம்பக் கூட்டத்தில் அரச அதிபர் தரப்பு, நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல சேவை, விவசாய அமைப்புகள் எல்லாரும் இருந்து விதைப்புத் திகதி, தண்ணீர் திறக்கிற திகதி, மாடு அகற்றுகிற திகதி முடிவெடுக்கிறோம். அந்த முடிவை யாரும் மீற ஏலாது. வாவிக்கும் மாரிக்கு முன்னம் அப்படி ஒரு கூட்டம் வைத்தால் என்ன?

நாவலடி மீனவர் மகள்:
விவசாயி அண்ணன் சொன்ன கூட்டம்தான் வேண்டும், ஆனால் நன்னீர், களப்பு மீனவர் சங்கங்களைக் கடைசி வரிசையில் இருத்தக் கூடாது. இரவிரவாகத் தோணியில் வலையோடு நிற்கிறவர்களுக்கு எந்த வாய்க்கால் எப்போது நாறும், எங்கே கரையிலுள்ள கண்ணா (கண்டல்) மரத்தை வெட்டி மண் நிரப்புகிறார்கள் என்று நன்றாகத் தெரியும். அப்பாவின் வலையில் மீனை விடப் பிளாஸ்டிக் கூட ஏறுகிற நாட்கள் உண்டு, அதை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுப்பதே அரை நாள் வேலை.

சட்டத்திலும் இடம் இருக்கிறது. 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டத்தை 2011 இல் திருத்தியபோது விசேட முகாமைத்துவப் பகுதி என்று ஓர் இடத்தைப் பிரகடனம் செய்ய வழி வைத்தார்கள். வாவி முழுவதையும் அதற்குள் கொண்டுவரக் கேட்போம்.

கல்லடியான்:
எல்லாருக்கும் நன்றி. அப்படியானால் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுவோம், நடைபாதைக்கு முன்னம் வடிகான் என்பதை முதல் வரியிலேயே போடுவோம். விவசாயி அண்ணன், உங்கள் அமைப்பும் கையெழுத்து வைக்குமா? தங்கச்சி, மீனவர் சங்கத்தில் யாரோடு கதைக்க வேண்டும் என்று உள்பெட்டியில் சொல்லுங்கள்.