தோட்டத்துக்கு வரும் பூனைக்குச் சிப் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

வேப்பமரம் (ஹரோ, லண்டன்):
எங்கள் பின்தோட்டத்துக்கு ஒரு செம்மஞ்சள் கடுவன் பூனை இருட்டும் நேரத்தில் வருகிறது. கழுத்துப்பட்டை இல்லை, விலா எலும்பு தெரிகிறது. ஆனால் கையை நீட்டினால் தலையால் முட்டிக் கொஞ்சுகிறது. வீட்டில் வளர்ந்த பிள்ளை என்பது அதிலேயே புரிகிறது. அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டேன், யாருக்கும் தெரியவில்லை. என்னிடம் காரும் இல்லை, பூனைக் கூடையும் இல்லை. சிப்பை (தோலுக்கடியில் ஏற்றும் அடையாள மைக்ரோசிப்பை) கைத்தொலைபேசியால் வாசிக்க முடியுமா? அம்மா, "அது தானாகப் போய்விடும், விடு" என்கிறார். எனக்கு மனம் கேட்கவில்லை. தெரிந்த அக்கா, அண்ணாமார் சொல்லுங்கள்.

இரவுநடை (வெம்ப்ளி):
தங்கச்சி, கைத்தொலைபேசியால் முடியாது. விலங்குகளுக்கான சிப் 134.2 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது, தொலைபேசியில் இருக்கும் வாசிப்பானோ 13.56 மெகாஹெர்ட்ஸில். அதற்கென்றே கையடக்க ஸ்கேனர் உண்டு. அதை எடுத்துக்கொண்டு வீடு தேடி வரும் தொண்டர்கள் இருக்கிறோம், நானும் ஒருத்தி. காசு வாங்குவதில்லை.

ஸ்கேன் செய்தால் கிடைப்பது 15 இலக்க எண் மட்டுமே. பெயரோ முகவரியோ சிப்பில் இல்லை. பூனை எங்கே நிற்கிறது என்றும் அது காட்டாது. எண்ணை இணையத்தில் இட்டால் உரிமையாளரின் விவரங்கள் எந்தப் பதிவகத்தில் (சிப் எண்களின் தரவுத்தளத்தில்) இருக்கின்றன என்று தெரியவரும். இந்த நாட்டில் அப்படிப் பல பதிவகங்கள். உரிமையாளரின் விவரத்தை நம்மிடம் தரமாட்டார்கள், அவர்களே அழைப்பார்கள்.

எனக்கு ஆத்திரம் வரும் இடம் இதுதான். எண் கிடைக்கிறது, பதிவகம் அழைக்கிறது, அந்தத் தொலைபேசி இணைப்போ எப்போதோ துண்டிக்கப்பட்டுவிட்டது. இங்கிலாந்தில் நாய்களுக்கு 2016 ஏப்ரல் 6 முதலும், பூனைகளுக்கு 2024 ஜூன் 10 முதலும் சிப் கட்டாயம்; மீறினால் 500 பவுண்ட் வரை அபராதம். விவரங்களைப் புதுப்பித்து வைப்பதும் சட்டப்படி உரிமையாளரின் கடமை. வாடகை வீடு மாறுகிற நம் ஆட்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: கவுன்சில் (உள்ளூராட்சி மன்ற) வரிக்கும் வங்கிக்கும் புது முகவரி கொடுக்கும் அன்றே பதிவகத்துக்கும் கொடுங்கள்.

வீதியில் அடிபட்டு இறந்த பூனைகளையும் ஸ்கேன் செய்கிறோம். நாயை மோதினால் ஓட்டுநர் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம்; பூனைக்கு அந்த மரியாதை இல்லை. அந்தச் செய்தியைச் சொல்வது கொடுமை. ஆனாலும் இனி இரவு முழுக்கக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டாம் என்று அழுதுகொண்டே நன்றி சொன்னவர்கள் உண்டு.

மருந்துவாசம் (ஈஸ்ட் ஹாம்):
மிருக வைத்தியசாலையில் தாதியாக இருக்கிறேன். சிப்பைத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஏற்றுகிறோம், சிலவற்றுக்கு அது நகர்ந்து முன்னங்கால் பக்கம் இறங்கிவிடும். ஆகவே முதுகில் சத்தம் வரவில்லை என்றதும் "சிப் இல்லை" என்று முடிவு கட்டவேண்டாம். கழுத்திலிருந்து வால் வரை, பிறகு இரு விலாப்புறமும், தோள்களும், மார்பும். மிக மெதுவாக.

எதுவும் கிடைக்காவிட்டால் காகிதத்தில் கழுத்துப்பட்டி செய்து, "நான் உங்கள் பூனையா? அழையுங்கள்" என்று எழுதித் தொலைபேசி எண்ணோடு கட்டுங்கள். எங்காவது மாட்டினால் கிழிந்துவிடும், கழுத்தை இறுக்காது.

கடலோரம் (சௌதென்ட்):
பின்னர் இதை வாசிப்பவர்களுக்காக: நாய் என்றால் நடைமுறை வேறு. உரிமையாளர் தெரியாத நாயை அறிவிக்காமல் நாமே வைத்துக்கொள்ளக் கூடாது, கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். கவுன்சில் எடுத்துச் சென்றால், 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி ஏழு நாள் அவர்கள் பொறுப்பில் இருக்கும். வேறு நாட்டிலிருந்து தத்தெடுத்து வந்த நாய் என்றால் எண்ணின் முதல் மூன்று இலக்கங்களைப் பாருங்கள். 642 என்றால் ருமேனியா. இங்கே பதிவாகாத எண்ணாக இருந்தால் அங்கிருந்து தேடலைத் தொடங்கலாம்.

வேப்பமரம்:
இரவுநடை அக்கா நேற்று வந்தார். முதுகில் ஒன்றும் இல்லை, இடது தோளுக்குக் கீழே எண் வந்தது! பதிவகம் உரிமையாளருக்குக் குரல்செய்தி விட்டிருக்கிறதாம், இன்னும் பதில் இல்லை. அதுவரை சாப்பாடு வைக்கலாமா?

இரவுநடை:
மெலிந்த பிள்ளை, தாராளமாக வையுங்கள். பால் வேண்டாம், தண்ணீர் போதும். ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வைத்தால் உரிமையாளர் வரும்போது பிடிப்பது சுலபம். திங்கட்கிழமை வரை பதில் வராவிட்டால் பதிவகத்திடம் பதிவில் இருக்கும் முகவரிக்குக் கடிதம் போடச் சொல்கிறேன்.