முதலில் கவிழ்த்துப் பாருங்கள்: சீனப் பீங்கான் வாங்கிய அனுபவங்கள்

சிங்கப்பூரிலிருந்து

2012-ல் ஹாங்காங் போயிருந்தேன். கேட் ஸ்ட்ரீட் பக்கம் பழம்பொருள் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தபோது ஒரு கடையில் நீல வெள்ளைக் கிண்ணம் ஒன்று கண்ணில் பட்டது. அடியில் இரட்டை வட்டம், அதற்குள் ஆறு சீன எழுத்து: 'மாபெரும் சிங் வம்சத்து காங்ஷி ஆட்சியில் செய்தது'. காங்ஷி ஆண்டது 1662 முதல் 1722 வரை. எனக்குக் கொஞ்சம் சீனம் படிக்க வரும். எழுத்தைக் கூட்டிப் படித்ததுமே மனசு முடிவு செய்துவிட்டது. 6,000 ஹாங்காங் டாலர் கொடுத்தேன். குடும்பத்துக்கு ஒதுக்கி வைத்திருந்த பணம் அது.

ஊர் திரும்பியதும் எங்கள் புளோக்கில் இருந்த சீனப் பெரியவரிடம் காட்டினேன். நாற்பது வருஷமாகப் பீங்கான் சேர்ப்பவர். நான் ஆசையாக நீட்டிய எழுத்தை அவர் பார்க்கவே இல்லை. கவிழ்த்து, அடிவளையத்தில் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டினார். பிறகு ஈரத்துணியால் துடைத்தார். பழமை என்று நான் நம்பிய பழுப்புக் கறை துணியில் வந்துவிட்டது. பெர்மாங்கனேட் கரைசலும் தேயிலைச் சாயமும் பூசி இப்படிக் கறையேற்றுவார்களாம். நகைக்கடையில் வைத்திருக்கும் லென்ஸைக் கொடுத்து, பீங்கான்மேல் கண்ணாடி போலப் படிந்திருக்கும் மெருகைப் பார்க்கச் சொன்னார். கீறல்கள் இருந்தன; ஆனால் எல்லாம் ஒரே திசையில், வயல் உழுத மாதிரி. உப்புத்தாள் வேலை. முந்நூறு வருஷம் புழங்கிய கிண்ணத்தில் கீறல் கண்டபடி கிடக்கும்: ஒன்று ஆழம், ஒன்று மேலோட்டம், ஒன்று குறுக்கே.

எழுத்தைப் பற்றி அன்று அவர் சொன்னது இன்றும் மனசில் இருக்கிறது. 1677-ல், சீனத்தின் பீங்கான் நகரமான ஜிங்தெஜென்னின் வட்டார அதிகாரி, பேரரசர் பெயரைப் பீங்கானில் எழுதக் கூடாது என்று தடை போட்டார். அதனால் அசல் காங்ஷி காலத்துப் பாத்திரங்கள் பலவற்றில் வெறும் இரட்டை வட்டம்தான் இருக்கும், இல்லையென்றால் ஓர் இலை. மாறாக 1800-களின் கடைசியில் ஏராளமான பாத்திரங்களில் காங்ஷி பெயரை எழுதினார்கள். எல்லாம் ஏமாற்றுவதற்காக அல்ல. பழைய கைவண்ணத்தின் மேல் வைத்திருந்த மதிப்பும் அதில் உண்டு. ஆக, பெயர் இருப்பதாலேயே ஒரு பாத்திரம் அந்தக் காலத்தது ஆகிவிடாது. வடிவம், மண், மெருகு, நீலம், அடி எல்லாம் பார்த்த பிறகு கடைசியாகத்தான் எழுத்துக்கு வர வேண்டும்.

கிளம்பும்போது ஓர் உடைந்த துண்டை என் கையில் வைத்தார். அசல் காங்ஷி கிண்ணத்தின் அடி. வளையம் இரண்டு பக்கமும் உருண்டு வழவழவென்று இருந்தது. சேற்று மீனின் முதுகு மாதிரி என்று சீனத்தில் சொல்வார்களாம். எனக்கு எங்கள் ஊர்க் குளத்து அயிரை ஞாபகம் வந்தது. என் கிண்ணத்தின் வளையத்தைத் தொட்டால் சுண்ணாம்புக்கட்டியைத் தொட்ட மாதிரி சொரசொரப்பு. ஒரே நிமிஷத்தில் விரலுக்குப் புரிந்துவிட்டது. ஏமாந்து கொடுத்த பணத்தை அவர்கள் 'படிப்புக் கட்டணம்' என்பார்கள். கட்டியாயிற்று என்றார் பெரியவர்.

பினாங்கிலிருந்து

தம்பி, நீங்கள் சொன்ன கீறல் விஷயத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே நியோன்யா பீங்கானுக்குத்தான் மவுசு. இந்தப் பக்கம் குடியேறிய சீனர்களின் வழிவந்த பெரனாக்கான் குடும்பங்களுக்காக 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஜிங்தெஜென்னில் செய்து அனுப்பியவை. ரோஸ், பச்சை, மஞ்சள் என்று கல்யாண வீட்டு நிறங்கள். ஃபீனிக்ஸ் பறவையும் பியோனிப் பூவும் கட்டாயம் இருக்கும். மூடி போட்ட ஜாடியைக் கம்செங் என்போம். அதன் புதுப்பிரதிகள் இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கின்றன.

என் மாமியாருக்கு அவர் தோழி வீட்டிலிருந்து வந்த அசல் கம்செங் ஒன்று எங்களிடம் இருக்கிறது. போன வருஷம் அதற்கு ஜோடி என்று ஒருவர் இன்னொன்றைக் கொண்டுவந்தார். பார்க்க அச்சு அசல். இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எங்கள் ஜாடியில் மூடியின் உள்விளிம்பு தேய்ந்திருந்தது, மூடிமேல் குமிழாக உட்கார்ந்திருக்கும் சிங்கத்தின் தலையில் நிறம் போயிருந்தது. கை படுகிற இடம் அல்லவா! அவர் கொண்டுவந்ததில் சிங்கத்தின் தலை பளபளக்கிறது, கால் இடுக்கில் மட்டும் நிறம் உரிந்திருக்கிறது. அந்த இடுக்கில் எந்தக் கை போகும்? லென்ஸில் பூவிதழைப் பார்த்தால் செய்தித்தாள் படம் மாதிரி புள்ளிப் புள்ளியாக இருந்தது. அச்சடித்த ஒட்டுப்படம். கையால் தீட்டிய பழைய வண்ணம் விரலுக்கு மேடாகத் தட்டும். சாய்த்துப் பிடித்தால் சில நிறங்களைச் சுற்றிக் கிளிஞ்சலின் உள்பக்கம் போல வானவில் மினுக்கமும் தெரியும். அது மட்டும் போதாது, அதையும் போலியாகச் செய்கிறார்கள். தேய்மானத்தைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

ஜொகூரிலிருந்து

சுருக்கமா ரெண்டு. ஒண்ணு, கப்பல் சரக்கு. 'மூழ்கின கப்பல்ல எடுத்தது'ன்னு சிப்பி, பவளம் ஒட்டின தட்டை ஒருத்தர் என்கிட்ட வித்தார். நகச்சாயம் அழிக்கிற அசிட்டோன் தொட்டு வெச்சதும் சிப்பி கழண்டு வந்துச்சு. பசை. அதுக்கப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன்: 1822-ல மூழ்கின தெக் சிங் கப்பல்ல இருந்து மட்டும் சுமார் 3,50,000 பீங்கான் எடுத்து, 2000-ல ஜெர்மனியில ஏலம் விட்டாங்க. அதனால நெசக் கப்பல் சரக்கே நியாயமான விலைக்கு, ஏலத்து ஒட்டுச்சீட்டோட கிடைக்கும். கதைக்குக் காசு கொடுக்காதீங்க. உண்மையான கடல் சரக்கைப் பாக்கணும்னா சிங்கப்பூர்ல ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகம் போங்க. இந்தோனேசியாவோட பெலித்துங் தீவுகிட்ட மூழ்கின கப்பல்ல கிடைச்ச, சீனாவோட சாங்ஷாவுல செஞ்ச கிண்ணங்கள் இருக்கு. அதுல ஒண்ணுல 826-ஆம் ஆண்டு தேதியே எழுதியிருக்கு.

ரெண்டாவது, அடியில ஆங்கிலத்துல 'சைனா'ன்னு இருந்தா அது பெரும்பாலும் 1891-க்குப் பிந்தினது. அமெரிக்கச் சட்டத்துக்காகப் போட ஆரம்பிச்சது அது. 'மேட் இன் சைனா'ன்னா அதுக்கும் பின்னாடி. அப்படி ஒண்ணை 18-ஆம் நூற்றாண்டு சரக்குன்னு என் நண்பர்கிட்ட வித்துட்டாங்க.

குவாங்சோவிலிருந்து

இங்கே வேலைக்கு வந்த பிறகு இரண்டு முறை ஜிங்தெஜென் போனேன். திங்கட்கிழமை விடியுமுன் கூடும் சந்தை ஒன்று உண்டு. பேய்ச் சந்தை என்பார்கள். டார்ச் வெளிச்சத்தில் தரையில் துணி விரித்து உடைசல் விற்பார்கள். நகரத்தில் எங்கே தோண்டினாலும் பழைய சூளைக் கழிவு வருகிறது. முழுப் பாத்திரம் வாங்க எனக்குத் துணிவில்லை, நாலைந்து துண்டுகள் வாங்கினேன். சந்தையில் துண்டிலும் போலி உண்டு, ஆனால் உடைந்த விளிம்பில் மண்ணும் மெருகும் சேரும் இடம் திறந்து கிடப்பதால் கற்றுக்கொள்ள அதைவிட நல்லது இல்லை.

பிரதி செய்கிறவர்களையும் பார்த்தேன். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு கோப்பை உருவாக 72 கை மாறும் என்று 1637-ல் வந்த சீன நூல் ஒன்று சொல்கிறது. அந்தப் பட்டறையிலும் சக்கரத்தில் ஏற்றுபவர் ஒருவர், செதுக்குபவர் ஒருவர், கோடு போடுபவர் ஒருவர், நீலம் நிரப்புபவர் இன்னொருவர். பிரதி என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பொய் பிறகு, வேறு கையில் சேர்கிறது.

அங்கே ஓர் அம்மா மிங் வம்சத்துப் பேரரசர் ஷுவாந்தெ காலத்துப் பாணியில் தட்டு ஒன்றைத் தீட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் (1426–1435) நீலம் தீட்ட வெளிநாட்டிலிருந்து வந்த கோபால்ட்டில் இரும்பு அதிகம். சூளையில் அது ஆங்காங்கே கறுத்துத் திரண்டு மெருகுக்குள் அமுங்கும். அந்த அம்மாவோ தூரிகை நுனியால் கறும்புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தார். 18-ஆம் நூற்றாண்டில் பேரரசருக்காகப் பிரதி செய்தவர்களும் இதையேதான் செய்தார்கள். அசலில் புள்ளி தன் இஷ்டத்துக்கு வரும். நீலம் கனமாகத் தேங்கிய இடத்தில் திரளும். விரலுக்குச் சின்னப் பள்ளம் தட்டும். பிரதியில் ஓவியர் கை நினைத்த இடத்தில் அழகாக இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஆய்வகச் சான்று இருக்கிறது என்றதும் தலையாட்டிவிடாதீர்கள். வெப்ப ஒளிர்வுச் சோதனை, மண் கடைசியாக எப்போது சூளையில் சுடப்பட்டது என்பதைக் காட்டும். அதற்கு அடியிலிருந்து துளி மண் குடைந்தெடுப்பார்கள். பழைய உடைசலின் அடியைப் புது உடம்பில் பொருத்தியிருந்தால் அடிக்கு வயது நூற்றுக்கணக்கில் வரும், உடம்பு போன மாதம் செய்ததாக இருக்கும். மண்ணை எந்த இடத்தில் எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து

அண்ணே, அந்த ஷுவாந்தெ புள்ளி விளக்கத்துக்கு ரொம்ப நன்றி. நம் பக்கத்திலேயே சீன உடைசல் உண்டு. ராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினத்தில் 1980-களில் நடந்த அகழாய்வில் லொங்சுவான் பச்சைப் பீங்கானும் ஜிங்தெஜென் பீங்கானும் துண்டு துண்டாகக் கிடைத்தன. 13, 14-ஆம் நூற்றாண்டு வணிகத்தில் வந்து இறங்கியவை. கடையில் வைத்தவை அல்ல, மண்ணிலிருந்து எடுத்தவை. ஊருக்குப் போகும்போது அந்தச் சேகரிப்பைப் பார்க்க அனுமதி கேட்கப் போகிறேன்.

பினாங்கு அக்கா, அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறேன். உங்கள் கம்செங்கை ஒரு தடவை கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்க்கலாமா?