சால்ட்புஷ் வளர்த்து சாப்பிட்டவங்க வாங்க, அனுபவத்தை எழுதுங்க

நானே ஆரம்பிக்கறேன். என்கிட்ட இருக்கறது ஓல்ட் மேன் சால்ட்புஷ், ஆஸ்திரேலியாவோட உள்பகுதில வறண்ட நிலத்துல தானா வளர்ற புதர். பார்த்தா யாரும் இதை திங்கலாம்னு நம்ப மாட்டாங்க, இலையெல்லாம் சாம்பல் பூசின மாதிரி வெளிறிப்போய் இருக்கும். ஆனா ருசியே அந்த வெளுப்புலதான் இருக்கு. வேர் இழுக்கற உப்புல நிறைய, இலை மேல இருக்கற குட்டிகுட்டி பைகள்ல போய் சேரும், அது உடைஞ்சு காஞ்சு மேலயே படிஞ்சிடும், அதனால ஒரு இலையை பறிச்சு வாயில போட்டா முதல்ல உப்பு, அப்புறம்தான் கீரை ருசி. பாலக், பீட்ரூட் எல்லாம் இதோட சொந்தக்காரங்கதான்.

விதை போடறவங்களுக்கு ஒண்ணு, விதையை மூடியிருக்கற உறையிலயும் உப்பு இருக்கும், அது முளைக்க விடாது, நல்ல மழை பெஞ்சு கழுவினாதான் காட்டுல முளைக்கும். நாமளும் ஊறவச்சு தண்ணிய மாத்தி மாத்தி அலசிட்டு போடணும். ஆனா என் ஓட்டு குச்சி வெட்டி நடறதுக்குத்தான். விதையில வர்ற செடி ஒண்ணொண்ணும் ஒரு ருசி, சிலது கசக்கும். ஆஸ்திரேலியாவுல சிஎஸ்ஐஆர்ஓங்கற அரசு ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க ஆடுங்க விரும்பி மேயற செடியா பார்த்து பொறுக்கி அனமேகான்னு ஒரு ரகம் கொண்டுவந்தாங்க, அதையும் குச்சியிலதான் பெருக்கறாங்க. அதனால கடிச்சு பார்த்து பிடிச்ச செடியில இருந்தே குச்சி வெட்டுங்க. நல்ல வெயில் வேணும், தண்ணி தேங்கக்கூடாது, அவ்வளவுதான்.

சாப்பிட நுனிக்கொழுந்துதான் அருமை. எண்ணெயில பொரிச்சா மொறுமொறுன்னு ஆயிடும், உப்பே போட வேண்டாம். முத்தின இலையை காயவச்சு பொடி பண்ணி உப்புக்கு பதிலா தூவுவேன். கீரையா நிறைய சாப்பிடணும்னா மட்டும் நிறைய தண்ணில வேகவச்சு அந்த தண்ணிய கொட்டிடுங்க, கிட்னில கல்லு உண்டாக்கக்கூடிய ஆக்சலேட்ங்கற பொருள் இதுல ஜாஸ்தி. கிட்னில கல்லு இருக்கறவங்க, பிபி இருக்கறவங்க தயவுசெஞ்சு டாக்டர்கிட்ட கேட்காம தொடாதீங்க.

---

சகோ, அருமையா சொன்னீங்க. நான் தொட்டில வச்சிருக்கேன், நல்ல தண்ணிதான் ஊத்தறேன், அதனால உப்பு கம்மியாதான் ஏறுது, இலையும் சாதுவா இருக்கு. உவர் மண்ணுல வளர்ந்ததை ஒருதடவை சாப்பிட்டேன், அப்பப்பா, நாக்கே சுருங்கிடுச்சு! விட்டா 3 மீட்டர் வரைக்கும் போகும், அதனால அடிக்கடி கவாத்து பண்றேன், வெட்ட வெட்ட கொழுந்தா தள்ளுது. இன்னொண்ணு, ரோட்டோரம், பழைய ஃபேக்டரி இடத்துல இருந்தெல்லாம் பறிச்சு சாப்பிடாதீங்க, மண்ணுல இருக்கற கெட்ட உலோகத்தையும் இது சேர்த்து இழுத்துக்கும்.

ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் இதோட விதையை அரைச்சு மாவாக்கி சாப்பிட்டிருக்காங்களாம். இங்க யாராவது செஞ்சு பார்த்திருந்தா எப்படி அரைச்சீங்க, உறையை எப்படி பிரிச்சீங்கன்னு விவரமா எழுதுங்க, என் செடியில இப்பதான் விதை கட்ட ஆரம்பிச்சிருக்கு.