மெருகேற்றலா, துலக்கலா: அலுமினிய எஞ்சின் பாகங்களுக்குச் சில சொற்கள்

வணக்கம் நண்பர்களே,

அலுமினிய எஞ்சின் பாகங்களைக் கையால் பாலிஷ் செய்யும் வேலைகளுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடும் நம் இழையில் வந்த மடல்களுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> பாலிஷ் என்பதற்கு 'மெருகேற்றுதல்' எப்போதோ வந்துவிட்டதே, புதுச்சொல் எதற்கு?

மெருகோடு எனக்குப் பகை இல்லை. ஆனால் தமிழில் மெருகு பெரும்பாலும் மேலே ஏறுகிற பொருள். மெருகெண்ணெய் என்றால் வார்னிஷ். மெருகை ஏற்றுகிறோம், பூசுகிறோம். எஞ்சினின் மேல் மூடியான வால்வ் கவரையோ, எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த்தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டையோ கையால் பளபளப்பாக்கும்போது மேலே எதுவும் ஏறுவதில்லை. வார்ப்பின் சொரசொரப்பை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே வருகிறோம். 'மெருகேற்றவும்' என்று மட்டும் படித்தவர் நேராகப் பாலிஷ் பசையை வாங்கிவந்து வார்ப்பின் மேல் தேய்க்கத் தொடங்குவார். மேடுகளின் நுனி மினுங்கும், பள்ளம் அப்படியே சாம்பல் நிறத்தில் கிடக்கும். கை வலிதான் மிச்சம்.

அதோடு, ஒரே சொல்லை மூன்று வேலைகளுக்குச் சுமத்துகிறோம்: உப்புத்தாளால் தேய்ப்பது, பசையும் துணியும் வைத்துத் தேய்ப்பது, கடைசியில் மெழுகு பூசுவது. மூன்றாவதற்கு மெருகு கச்சிதம். அங்கேயே இருக்கட்டும்.

> முதல் கட்டத்துக்கு 'இழைத்தல்' என்று வைக்கலாமா?

அழகான சொல், ஆனால் தச்சர்களின் சொத்து. இழைப்புளி ஓடினால் சீவல் சீவலாக வரும், பரப்பு ஒரே போக்கில் வழவழப்பாகிவிடும். உப்புத்தாள் அப்படி வேலை செய்வதில்லை. ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் போட்ட கீறல்களை அழித்து, அந்த இடத்தில் தன்னுடைய சிறிய கீறல்களைப் போடுகிறது. மணல் அச்சில் வார்த்த பாகமாக இருந்தால் 120 எண் போட்ட சொரசொரப்பான தாளில் தொடங்கி 220, 320, 400, 600, 800, 1000, 1500, 2000 என்று ஏற வேண்டும். ஒவ்வொரு தாளையும் முந்தையதற்குக் குறுக்காக ஓட்டினால்தான் பழைய கீறல் எங்கே மிச்சமிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். 220-இன் கீறலை விட்டுவிட்டு 800-க்குத் தாவினால், எல்லாம் முடிந்து பளபளப்பு வந்த பிறகு அந்தக் கோடு மட்டும் பல்லைக் காட்டும். திரும்பக் கீழே இறங்குவதைத் தவிர வழியில்லை. ஆகவே செயலுக்குத் 'தாள்தேய்ப்பு', ஒவ்வொரு கட்டத்துக்கும் 'படி' என்று முன்மொழிகிறேன். "400-ஆம் படியை முடிக்காமல் மேலே போகாதீர்கள்" என்று எழுதினால் யாருக்கும் விளங்கும்.

> 'கிரிட்' என்பதற்குப் 'பருமை எண்' சரிதானே?

இதில் ஒரு சிக்கல். கிரிட் என்பது உப்புத்தாளின் துகள் அளவைக் காட்டும் எண். அது கூடக் கூடத் தாள் நுண்மையாகிறது. 'பருமை எண் 2000' என்றால் படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். இந்த எண் சல்லடைக் கணக்கிலிருந்து வந்தது: ஓர் அங்குல நீளத்தில் கண்கள் கூடினால் அதன் வழியே விழும் துகள் சிறியது. அரிசிக் குருணை எல்லாருக்கும் தெரியும் என்பதால் 'குருணை எண்' என்கிறேன். பெரிது, சிறிது என்று எந்தப் பக்கமும் சாயாத பெயர்.

எழுதும்போது எந்த முறையின் எண் என்பதையும் சேர்க்க வேண்டும். தாளின் முதுகில் எண்ணுக்கு முன் 'பி' என்ற எழுத்து இருந்தால் அது ஐரோப்பிய முறை. பி600-இல் துகள் சுமார் 26 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), பழைய அமெரிக்க முறையின் 600-இல் சுமார் 16 மைக்ரான். அதாவது அமெரிக்க 600 கிட்டத்தட்ட ஐரோப்பிய 1200-க்குச் சமம். இரண்டையும் கலந்து வாங்கினால் ஏறுவதாக நினைத்து இறங்கிக்கொண்டிருப்போம்.

சரி, பசைக் கட்டத்துக்கு நான் சொல்வது 'துலக்கல்'. தேய்ப்பதும் உண்டு, ஒளி வருவதும் உண்டு, மேலே பூசுவது என்ற அர்த்தம் இல்லை.

> துலக்கல் என்றதும் பாத்திரமும் அழுக்கும் நினைவுக்கு வருகின்றன. அலுமினியத்தைத் தேய்த்தால் துணி கறுக்கும். அழுக்கு இன்னும் போகவில்லை என்று தேய்த்துக்கொண்டே இருப்பார்களே?

இந்த மறுப்புக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் ஐயா. அந்தக் கறுப்பு அழுக்கே இல்லை. பசை அரித்தெடுத்த அலுமினியமும் அதன் ஆக்சைடும் நுண்துகளாகப் பசையில் கலந்து அப்படித் தெரிகிறது. தேய்க்கிற வரை வந்துகொண்டேதான் இருக்கும். இருந்தும் சொல்லை மாற்றுவதைவிட அந்தக் கறுப்புக்கு ஒரு பெயர் வைப்பது நல்லது என்று படுகிறது: 'துலக்குமை'. "துலக்குமை நிற்கும் வரை காத்திருக்க வேண்டாம், துடைத்துவிட்டுச் சாய்வான வெளிச்சத்தில் கீறல் தெரிகிறதா என்று பாருங்கள்" என்று எழுதிவிடலாம். கரி என்ற சொல்லைத் தவிர்த்தேன், எஞ்சினுக்குள் படிகிற கார்பனுக்கு அது தேவைப்படும்.

இன்னொருவர் 'மினுக்கல்' என்றார். காதுக்கு இனிமைதான். ஆனால் எஞ்சின் மினுக்கிக்கொண்டு திரிவதுபோல் ஒரு படம் வருகிறதே, என்ன செய்ய?

> அனோடைஸ் செய்த பாகத்தையும் துலக்கலாம் என்று சொல்லலாமா?

கூடாது. அங்கே மேலே இருப்பது மின்சாரம் பாய்ச்சி வளர்த்த கெட்டியான ஆக்சைடுப் படலம், பசைக்கு மசியாது. முதலில் அதை நீக்க வேண்டும். அது 'படலநீக்கம்', தனிக் கட்டம். பழைய பெயின்டை எடுப்பதையும் அதிலேயே சேர்க்கலாம். ஒரு எச்சரிக்கை: எரிசோடா (காஸ்டிக் சோடா) அலுமினியத்தையே தின்று ஹைட்ரஜனை வெளிவிடும். அலுமினியத்துக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் பெயின்ட் நீக்கியையே பரிந்துரைக்க வேண்டும்.

கடைசியாக, இதுவரை யாரும் தொடாத ஒன்று. இரண்டு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கட் உட்காரும் தட்டையான பரப்பில் தாளே படக்கூடாது. பட்டால் தட்டை கெட்டு ஆயில் கசியும். துளை வழியாக உள்ளே விழும் குருணை ஆயிலோடு சுற்றி பேரிங்கைத் தின்னும். அந்தப் பரப்புக்கு நான் 'பொருத்துமுகம்' என்று எழுதிவருகிறேன். 'இணைதளம்' என்று ஒரு மடலில் பார்த்தேன், ஆனால் அதை இணையதளம் என்று படிக்காத கண் இன்று எங்கே இருக்கிறது? தேய்க்கும் முன் அதை டேப் ஒட்டி மூடுவதற்கு 'முகமறைப்பு' என்றால் கொஞ்சம் நாடகத்தனமாக இருக்கிறது. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள். கேஸ்கட், பேரிங், டேப் மூன்றையும் அப்படியே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.