கூடுவாஞ்சேரி பக்கம் 1,200 சதுர அடி மனை, 36 லட்சம்: முதலீட்டுக்கு வாங்கலாமா?

மனைதேடி:
கூடுவாஞ்சேரிக்கும் மறைமலை நகருக்கும் நடுவே, ஜிஎஸ்டி சாலையிலிருந்து 4 கி.மீ. உள்ளே ஒரு லே-அவுட். சதுர அடி 3,000 ரூபாய். டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இருக்காம். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்தாச்சு, மெட்ரோவும் வருது, 5 வருஷத்தில் டபுள் என்கிறார் புரோக்கர். 13 வருஷ ஈசி (வில்லங்கச் சான்று) கொடுத்தார், வில்லங்கம் இல்லை. பத்திரத்தில் 20 லட்சம் காட்டி மீதியை ரொக்கமாகக் கொடுத்தால் பதிவுச் செலவு குறையும் என்றும் சொல்கிறார். வீடு கட்டப்போவதில்லை. என்னென்ன பார்க்கணும்?

பத்திரவாசகன்:
13 வருஷ ஈசி போதாது, குறைந்தது 30 வருஷத்துக்குப் போடுங்கள். அதைவிட முக்கியம், எந்த எண்ணில் போடுகிறீர்கள் என்பது. மனையின் சர்வே எண் இப்போது 214/3பி2 என்று வைத்துக்கொள்வோம். உட்பிரிவு ஆகும் முன் அது 214/3பி, அதற்கும் முன் 214/3. புது எண்ணில் மட்டும் தேடினால் உட்பிரிவுக்குப் பிந்தைய பதிவுகள்தான் வரும். பழைய அடமானம், பவர் (உரிமையாளர் தன் சார்பில் விற்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்), பாகப்பிரிவினை எல்லாம் பழைய எண்ணில் கிடக்கும். மூன்றுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். இடையில் அந்தக் கிராமம் வேறு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மாறியிருந்தால், மாறும் முன்பு இருந்த காலத்துக்குப் பழைய அலுவலகத்திலும் கேட்க வேண்டும்.

ஈசியில் வராதவையும் உண்டு. பதிவு செய்யாத உயில், வாரிசு உரிமை, கோர்ட்டில் நடக்கும் வழக்கு. அதனால் தாய்ப் பத்திரத்திலிருந்து (மனையின் பழைய மூலப் பத்திரம்) கைமாறிய வரிசையில் ஒரு கண்ணிகூட விடுபடாமல் வக்கீலிடம் காட்டுங்கள். யாராவது இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லோரும், மகள்கள் உட்பட, கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலான வழக்குகள் அங்கேதான் முளைக்கின்றன.

அ-பதிவேடும் (நிலத்தின் வகையும் உரிமையாளரும் உள்ள வருவாய்த்துறைப் பதிவேடு) புலப்படமும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) வாங்குங்கள். புலப்படத்தில் வாய்க்கால் அல்லது ஓடை மனைக்கு ஒட்டி ஓடினால் மழைக்காலத்தில் நேரில் போய்ப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் 2015-ல் எப்படி மூழ்கின என்பது எல்லோருக்கும் தெரியும்.

கணக்குப்புள்ளி:
மனைதேடி சார், ரொக்க யோசனையை முதலில் கைவிடுங்கள். 16 லட்சத்தை மறைத்தால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதத்தில் மிச்சமாவது 1.44 லட்சம். நாளைக்கு நீங்கள் வெள்ளையில் விற்கும்போது வாங்கிய விலை 20 லட்சம்தான் என்று ஆகிவிடும். மறைத்த 16 லட்சமும் லாபக் கணக்கில் ஏறும். நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம் என்றால் 2 லட்சம், செஸ் தனி. மிச்சம் பிடித்ததைவிடக் கட்டுவது அதிகம். போதாததற்கு, சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே விற்பவருக்கு அபராதம் விழலாம். வங்கிக் கடனும் பத்திர மதிப்புக்குத்தான் கிடைக்கும்.

இப்போது விலை. 36 லட்சத்தோடு 9 சதவீதம் சேர்த்தால் 39.24 லட்சம். அதே பணம் 7 சதவீத வட்டியில் 5 வருஷத்தில் 55 லட்சம் ஆகும். அதாவது சதுர அடி கிட்டத்தட்ட 4,590 ரூபாய்க்கு விற்றால்தான் டெபாசிட்டுக்குச் சமம். மனையில் வாடகையும் வராது.

கிளாம்பாக்கம் நிலையம் திறந்தது 2023 டிசம்பரில். அந்தச் செய்தி இன்றைய விலையில் ஏற்கெனவே ஏறிவிட்டது. மெட்ரோ நீட்டிப்புத் திட்டமும் விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரைக்கும்தான். இன்னொன்று, அந்த லே-அவுட்டில் எத்தனை மனை விற்காமல் இருக்கிறது என்று கேளுங்கள். பாதி மிச்சமிருந்தால், நீங்கள் விற்கப் போகும்போது லே-அவுட் போட்ட புரமோட்டரே உங்களுக்குப் போட்டி. அவர் தவணை கொடுப்பார், தங்கக் காசு கொடுப்பார். உங்களால் விலையைத்தான் குறைக்க முடியும்.

லேஅவுட்_அளவர்:
"டிடிசிபி அப்ரூவல்" என்ற வாய்வார்த்தையை நம்பாதீர்கள். ஒப்புதல் எண், முத்திரையிட்ட வரைபடம், சாலையும் பூங்கா இடமும் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரம், மூன்றும் வேண்டும். வரைபடத்தில் உங்கள் மனை எண் இருக்கிறதா, பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தில் விழுகிறதா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். 500 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவு என்றால் விற்பனைக்கு முன்பே தமிழ்நாடு ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவாகியிருக்க வேண்டும். அப்படிப் பதிவான திட்டத்தில், பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கவே கூடாது.

மனைதேடி:
நன்றி. பழைய எண்ணில் போட்டதில் 2009-ல் இரண்டு சகோதரர்கள் சேர்ந்து கொடுத்த பவர் ஒன்று வந்திருக்கிறது. அந்த பவர் வைத்துத்தான் விற்கிறார்களாம்.

பத்திரவாசகன்:
இருவரும் உயிரோடு இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். ஒருவர் இறந்திருந்தால் அவர் பங்குக்கு அந்த பவர் செல்லாது, அவருடைய வாரிசுகள் கையெழுத்து வேண்டும். இருவரும் இருந்தால், பதிவுக்கு முந்தைய 30 நாளுக்குள் மருத்துவர் கொடுத்த வாழ்நாள் சான்றிதழ் கேளுங்கள். முடிந்தால் அவர்களையே பதிவு நாளன்று வரவழைத்துவிடுங்கள். வர மறுத்தால் முன்பணமும் கொடுக்காதீர்கள்.